ஊனச் சான்று முதல் உதவித்தொகை வரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகிறது. ஊனச் சான்றுக்கும் யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டைக்கும் தனித்தனியாக அலைய வேண்டுமா?

ப: வேண்டாம். மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் ஒரே விண்ணப்பம் போதும். ஆதார், சமீபத்திய புகைப்படம், கையொப்பம் அல்லது கைரேகை, முகவரிச் சான்று, சிகிச்சை ஆவணங்கள் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனையையோ, அவர் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையையோ தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் இப்போதே அவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்குப் போகாதீர்கள். நரம்பு சார்ந்த பாதிப்பு தொடங்கி ஆறு மாதம் கழித்துத்தான் சதவீதத்தை மதிப்பிடுவார்கள்; அதற்குள் கை, கால் ஓரளவு தேற வாய்ப்பு உண்டு. பலர் திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். அதுவரை டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை, பிசியோதெரபி குறிப்புகளைச் சேர்த்து வையுங்கள். ஆதாரில் பெயர், இனிஷியல், பிறந்த தேதியில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ள இந்த இடைவெளி பயன்படும். விண்ணப்பித்த பின் நிலையை அவ்வப்போது பாருங்கள். 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிப்படி, சான்று வழங்க மூன்று மாத அவகாசம் உண்டு. முடிவெடுக்கப்படாமல் இரண்டு ஆண்டு தாண்டினால் விண்ணப்பம் செயலிழந்துவிடும்.

கே: எனக்குக் காலில் 40%, காதில் 30%. மொத்தம் 70% வர வேண்டாமா? 57 என்று போட்டிருக்கிறார்கள்.

ப: கணக்கு சரிதான். இரண்டு பாதிப்புகளை நேரடியாகக் கூட்டுவதில்லை. 90-லிருந்து பெரிய சதவீதத்தைக் கழித்து, மீதியைச் சிறிய சதவீதத்தால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரியதோடு கூட்ட வேண்டும். உங்களுக்கு 90 - 40 = 50; 50 × 30 = 1500; அதை 90-ஆல் வகுத்தால் 16.7; 40-உடன் கூட்டினால் 56.7, முழு எண்ணாக 57. இரண்டு பாதிப்புகளும் சான்றில் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளனவா என்று மட்டும் பாருங்கள். ஒன்று விடுபட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள்.

கே: 35% போட்டு வெள்ளை அட்டை தந்துவிட்டார்கள். இதை வைத்து என்ன கிடைக்கும்?

ப: பெரும்பாலான சலுகைகள் கிடைக்காது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு எல்லைக்கோடு 40%. அட்டையின் நிறமே அதைக் காட்டும்: 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். மதிப்பீடு தவறு என்று நினைத்தால் அந்தச் சட்டத்தின் 59-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. யாரிடம் அளிப்பது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். “எனக்குக் கஷ்டம் அதிகம்” என்று எழுதினால் மட்டும் போதாது. எந்தப் பரிசோதனை விடுபட்டது, எந்த அறிக்கை பார்க்கப்படவில்லை என்று குறிப்பிட்டு, நகல்களை இணையுங்கள்.

கே: உதவித்தொகை ஆணை வந்துவிட்டது, வங்கிக் கணக்கில் பணம் வரவில்லை.

ப: முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆதார் சீடிங், அதாவது அரசுப் பணம் வர ஆதாரை ஒரு வங்கிக் கணக்கோடு இணைப்பது. வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பதும், அரசுப் பணம் வந்து சேர அந்தக் கணக்கை என்பிசிஐ எனும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தின் பட்டியலில் ஏற்றியிருப்பதும் வேறு வேறு. உங்களுக்கு மூன்று கணக்குகள் இருந்தால், கடைசியாகச் சீடிங் செய்த கணக்குக்கே பணம் போகும். அதனால் எங்கோ மறந்துபோன கணக்கில் பல மாதத் தொகை கிடப்பது உண்டு. மைஆதார் தளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பாருங்கள். எந்த வங்கி என்று காட்டும். அது சரியாக இருந்தும் வராவிட்டால், ஆணை நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகையையும் வருவாய்த்துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தையும் ஒருவரே வாங்க முடியாது. இரண்டுக்கும் விண்ணப்பித்திருந்தால் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யுங்கள்.

கே: அறிவுசார் குறைபாடுள்ள மகனுக்கு 18 முடிந்தது. பாதுகாவலர் சான்று கேட்கிறார்கள். பெற்ற தாய் நான் போதாதா?

ப: உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் சட்டப்படி இயல்பான பாதுகாவலர் என்ற நிலை 18 வயதோடு முடிகிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாவலர் நியமனம் பெறலாம். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். போகும்போது மகனின் ஊனச் சான்றையும் எடுத்துப் பாருங்கள்: சிறு வயதில் வாங்கியது தற்காலிகச் சான்றாக இருந்தால், 18-இல் மறுமதிப்பீடு செய்து நிரந்தரச் சான்று வாங்குவதை முதலில் முடியுங்கள்.