ஒரே முகவரி, பல செயின்கள்: அனுப்பிய யுஎஸ்டிடி எங்கே போனது?

கேள்வி: கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் வாங்கி வைத்திருந்த 200 யுஎஸ்டிடியை (டாலர் மதிப்பை ஒட்டிய காயின்) முதல் முறையாக என் சொந்த வாலட்டுக்கு மாற்றினேன். மெட்டாமாஸ்க் என்ற வாலட் ஆப்பைப் போட்டு, அதிலிருந்த முகவரியை காப்பி செய்து கொடுத்தேன். எந்த நெட்வொர்க் என்று கேட்டபோது, கட்டணம் குறைவாக இருந்ததால் பிஇபி-20ஐத் தேர்ந்தெடுத்தேன். 'முடிந்தது' என்று எக்ஸ்சேஞ்ச் சொல்கிறது, வாலட்டில் பூஜ்யம்தான் இருக்கிறது. டெலிகிராம் குழுவில் கேட்டதும், 'உதவி மையம்' என்ற பெயரில் ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்பி, வாலட்டை சிங்க் செய்ய 12 சொற்களையும் கேட்டார். ஆறு சொற்கள் அனுப்பிய பிறகு சந்தேகம் வந்து நிறுத்திவிட்டேன். பணம் போய்விட்டதா? ஒவ்வொரு பிளாக்செயினுக்கும் தனித்தனி வாலட் வைக்க வேண்டுமா?

பதில்: உங்கள் பணம் போகவில்லை. அந்த டெலிகிராம் ஆளை உடனே பிளாக் செய்துவிட்டு மேலே படியுங்கள். எந்த வாலட் நிறுவனமும் 12 சொற்களைக் கேட்காது. கேட்கிறவர் யாராக இருந்தாலும் திருடர்தான், இதில் விதிவிலக்கே கிடையாது. அந்த ஆறு சொற்களைப் பற்றிக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

வாலட் என்ற பெயர்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். பர்ஸ் என்றால் உள்ளே பணம் இருக்கும் என்று நினைப்போம். கிரிப்டோ வாலட்டுக்குள் காயின் எதுவும் இல்லை. 'இந்த முகவரிக்கு இவ்வளவு' என்ற கணக்கு பிளாக்செயினில், அதாவது உலகம் முழுவதும் பல கணினிகள் ஒரே மாதிரி வைத்திருக்கும் பேரேட்டில் இருக்கிறது. உங்கள் போனில் இருப்பது அந்தக் கணக்கைத் திறக்கும் சாவியும், அதைப் பார்க்க ஒரு ஜன்னலும் மட்டும்தான். ஜன்னல் எதீரியம் என்ற பிளாக்செயின் பக்கம் திறந்திருக்கிறது, உங்கள் பணமோ பிஎன்பி செயின் (பிஇபி-20 என்று நீங்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான்) பக்கம் இருக்கிறது. அதனால்தான் பூஜ்யம் தெரிகிறது.

இதை நீங்களே இப்போது பார்க்கலாம். பிரவுசரில் பிஎஸ்சிஸ்கேன் (பிஎன்பி செயினின் கணக்குகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர்) தளத்தைத் திறந்து, மேலே உள்ள தேடல் கட்டத்தில் உங்கள் முகவரியை ஒட்டுங்கள். பாஸ்வேர்டு வேண்டாம், லாகின் வேண்டாம், வாலட்டை இணைக்கவும் வேண்டாம். வரும் பக்கத்தில் பிஎன்பி இருப்பு 0 என்றும், அதன் கீழே டோக்கன் (அந்த செயினில் ஓடும் மற்ற காயின்) பட்டியலில் யுஎஸ்டிடி என்றும் இருக்கும். எக்ஸ்சேஞ்ச் தன் கட்டணத்தைப் பிடித்தது போக மீதி அங்கே காத்திருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் கொடுத்த டிரான்ஸாக்‌ஷன் ஐடியை அதே கட்டத்தில் போட்டால் யார் அனுப்பியது, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எல்லாமே தெரியும். பணம் காணவில்லை என்று யாரிடமாவது கேட்பதற்கு முன் இந்தப் பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் உங்களை ஏமாற்றுவது கஷ்டம்.

எதீரியம் முகவரிக்கு அனுப்பியது பிஎன்பி செயினில் எப்படி உங்களுக்கே வந்தது? எதீரியம், பிஎன்பி செயின், பாலிகான், ஆர்பிட்ரம், பேஸ், அவலாஞ்ச் சி-செயின் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் முகவரி உருவாகும் விதம் ஒன்றுதான், முன்னால் பூஜ்யமும் எக்ஸும், அப்புறம் 40 எழுத்துகள். ஒரே சாவி அத்தனை செயினிலும் அதே முகவரியைத் திறக்கும். ஆகவே மெட்டாமாஸ்க்கில் நெட்வொர்க் பட்டியலைத் திறந்து பிஎன்பி செயினைத் தட்டுங்கள். பட்டியலில் இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளலாம், அதன் செயின் ஐடி 56. எதீரியத்துக்கு 1, பாலிகானுக்கு 137. அப்போதும் யுஎஸ்டிடி தெரியவில்லை என்றால் டோக்கனைச் சேர்க்க வேண்டும். அதற்கான காண்ட்ராக்ட் முகவரியை (செயினில் அந்த டோக்கனின் அடையாள முகவரி), உங்கள் பணம் வந்த டிரான்ஸாக்‌ஷன் பக்கத்திலிருந்தே எடுங்கள். பெயரை வைத்துத் தேடினால் யுஎஸ்டிடி என்ற பெயரிலேயே பல போலிகள் வந்து நிற்கும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். எதீரியத்திலும் ட்ரானிலும் இருக்கும் யுஎஸ்டிடியை டெதர் நிறுவனமே நேரடியாக வெளியிடுகிறது. நீங்கள் வைத்திருக்கும் பிஎன்பி செயின் யுஎஸ்டிடி, பைனான்ஸ் (Binance) எக்ஸ்சேஞ்ச் தரப்பு அதற்கு ஈடு வைத்து வெளியிடும் வடிவம். அன்றாட உபயோகத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் செயின் மாறினால் டோக்கனும் வேறு என்பதை இதிலிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்து நீங்கள் முட்டிக்கொள்ளப் போகும் இடம் கட்டணம். கேஸ் எனப்படும் இந்தக் கட்டணத்தை அந்தந்த செயினின் சொந்தக் காயினில்தான் கட்ட வேண்டும். பிஎன்பி செயினில் பிஎன்பி, பாலிகானில் பிஓஎல் (2024 செப்டம்பர் வரை அதன் பெயர் மேட்டிக்), சோலானாவில் எஸ்ஓஎல், ட்ரானில் டிஆர்எக்ஸ். எதீரியம், ஆர்பிட்ரம், பேஸ் மூன்றிலும் ஈதர். உங்களிடம் கிட்டத்தட்ட 200 யுஎஸ்டிடி இருந்தும், ஒரு துளி பிஎன்பி இல்லாததால் அதை அசைக்க முடியாது. அதே எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் பிஎன்பி வாங்கி, அதே நெட்வொர்க்கில், அதே முகவரிக்கு எடுங்கள். பிஎன்பி செயினில் ஒரு முறை அனுப்ப ஆகும் செலவு பெரும்பாலும் சில ரூபாய்க்குள்தான்.

(இந்தக் கட்டணத்தை வைத்தே ஒரு மோசடி நடக்கிறது. ஒன்றும் தெரியாதவர்போல ஒருவர் தன் 12 சொற்களைப் பொதுவில் போட்டு, 'இந்த யுஎஸ்டிடியை எப்படி எடுப்பது?' என்று கேட்பார். திறந்து பார்த்தால் ட்ரானில் யுஎஸ்டிடி நிஜமாகவே இருக்கும், டிஆர்எக்ஸ் மட்டும் இருக்காது. ஆசைப்பட்டுக் கட்டணத்துக்கென்று டிஆர்எக்ஸ் அனுப்பினால் அது அவருக்குப் போய்விடும். அந்தக் கணக்கை இயக்கும் உரிமையை அவர் முன்பே வேறு சாவிக்கு மாற்றி வைத்திருப்பார்.)

சரி, தனித்தனி வாலட் வேண்டுமா? வேண்டாம். 12 சொற்கள் என்பது விதை. அதிலிருந்து ஒவ்வொரு செயினுக்கும் ஒரு கிளை போகிறது. எதீரியம் குடும்பத்துக்கு ஒரு கிளை, பிட்காயினுக்கு ஒன்று, சோலானாவுக்கு ஒன்று, ட்ரானுக்கு ஒன்று. முகவரிகள் வேறு வேறாக இருக்கும், விதை ஒன்றுதான். ட்ரான் முகவரி டி என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும், புதிய வகை பிட்காயின் முகவரி பிசி1 என்று தொடங்கும். மெட்டாமாஸ்க் எதீரியம் குடும்பத்துக்காக 2016இல் வந்தது, 2025இல் சோலானாவையும் சேர்த்தது. பேன்டம் சோலானாவில் தொடங்கி மற்றவற்றுக்கு விரிந்தது. டிரஸ்ட் வாலட்டில் திறந்ததுமே பல செயின்கள் தெரியும். உங்களுக்கு இப்போது மெட்டாமாஸ்க் போதும். ட்ரானும் பிட்காயினும் தேவைப்பட்டு, உங்கள் மெட்டாமாஸ்க்கில் அவை இல்லையென்றால் டிரஸ்ட் வாலட் மாதிரி ஒன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள். நாலு ஆப் வேண்டாம் என்பது என் கருத்து, ஒவ்வொரு ஆப்பும் நீங்கள் காவல் காக்க வேண்டிய இன்னொரு கதவு.

ஒரே சொற்களை வேறு ஆப்பில் போட்டு, சோலானா கணக்கு காலி என்று காட்டினால் பதற வேண்டாம். அந்தக் கிளைக்கு எண் போடும் முறை ஆப்புக்கு ஆப்பு மாறும். பழைய ஆப்பில் திறந்தால் பணம் அங்கேயே இருக்கும்.

நெட்வொர்க் மாறிப் போனால் எப்போது ஆபத்து? உங்கள் சொந்த வாலட்டுக்கு, ஒரே குடும்பத்துக்குள் மாறியிருந்தால் ஆபத்தில்லை, நீங்கள் செய்தது அதுதான். எக்ஸ்சேஞ்ச் கொடுத்த டெபாசிட் முகவரிக்கு, அவர்கள் ஏற்காத நெட்வொர்க்கில் அனுப்பினால் சாவி அவர்களிடம் இருக்கிறது. மீட்டுத் தருவதும் தராததும் அவர்கள் கையில். எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லார் போன்ற காயின்களை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது முகவரியோடு டேக் அல்லது மெமோ எண்ணும் போட வேண்டும். மறந்தால் பணம் போய்ச் சேரும், உங்கள் பெயரில் வரவாகாது.

இப்போது அந்த ஆறு சொற்கள். வாலட்கள் பயன்படுத்தும் சொற்பட்டியலில் மொத்தம் 2048 ஆங்கிலச் சொற்கள், 'அபேண்டன்' தொடங்கி 'ஜூ' வரை. மீதி ஆறைக் கண்டுபிடிக்க 2048ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். கடைசிச் சொல்லில் ஒரு சரிபார்ப்பு இருப்பதால் அதில் பதினாறில் ஒன்றுதான் தேறும். அப்படியும் சுமார் 46 ஆயிரம் கோடி கோடி சேர்க்கைகள் மிஞ்சும். ஒவ்வொன்றையும் சோதிப்பது வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்ட கணக்கு. ஆகவே இன்று இரவே யாரும் திறந்துவிட மாட்டார்கள், நிம்மதியாக இருங்கள். ஆனாலும் அந்த விதையை இனி நம்பி வைக்காதீர்கள். பாதி தெரிந்த சாவி பழுதான சாவி. புதுச் சொற்களோடு ஒரு புதிய வாலட் உருவாக்கி, பணத்தை அதற்கு மாற்றிவிடுங்கள். மாற்ற ஆகும் செலவோ சில ரூபாய்.

புதிய வாலட் உருவாக்கும்போது சொற்களைப் பேனாவால் தாளில் எழுதுங்கள், எண் போட்டு, வரிசை மாறாமல். ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப், ஜிமெயில், கூகுள் டிரைவ் எதுவும் கூடாது. எழுத்துப் புரியாமல் போகுமோ என்று பயம் வேண்டாம், முதல் நான்கு எழுத்துகள் தெளிவாக இருந்தாலே எந்தச் சொல் என்று தெரிந்துவிடும். அப்புறம் பெரும்பாலோர் செய்யாத ஒரு வேலையைச் செய்யுங்கள். பணம் எதுவும் போடுவதற்கு முன், அந்தப் புதிய வாலட்டை அழித்துவிட்டு, தாளைப் பார்த்து மீட்டெடுங்கள். அதே முகவரி வந்தால் தாள் சரி. காலியான வாலட்டில் இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகும், பணம் போட்ட பிறகு இதைச் செய்ய யாருக்கும் மனம் வராது.

என் நண்பர் ஒருவர் போன் உடைந்து புதுப் போனில் சொற்களைப் போட்டார். மூன்று கணக்குகளில் இரண்டுதான் வந்தன. மூன்றாவதை அவர் எப்போதோ பிரைவேட் கீயை (ஒரு கணக்கின் தனிச் சாவி) ஒட்டி வெளியிலிருந்து கொண்டுவந்திருந்தார். அப்படி இறக்கிய கணக்கு உங்கள் 12 சொற்களின் கிளை அல்ல, அதன் சாவியைத் தனியாக எழுதி வைத்திருக்க வேண்டும். அவர் எழுதவில்லை. அந்தக் கணக்கின் இருப்பை இன்றும் எக்ஸ்ப்ளோரரில் பார்க்க முடிகிறது, எடுக்க முடியவில்லை.

இவ்வளவு சிரமப்பட்டு எதற்கு சொந்த வாலட் என்று வீட்டில் கேட்பார்கள். 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருட்டுப் போனது. அங்கே காயின் வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்கும் மேலாக அதைத் தொட முடியாமல் இருந்தார்கள். அதற்காக எல்லோரும் உடனே வெளியே எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஒழுங்கு உங்களிடம் இருந்தால் எடுங்கள். தொகை லட்சங்களைத் தொட்டால் லெட்ஜர், ட்ரெசர் போன்ற ஹார்டுவேர் வாலட் வாங்குங்கள். அதில் சாவி போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ வெளியே வராது.

செயினிலிருந்து செயினுக்கு மாற்ற பிரிட்ஜ் என்ற சேவைகள் உண்டு. 2022 மார்ச்சில் ரோனின் பிரிட்ஜில் மட்டும் சுமார் 62 கோடி டாலர் திருட்டுப் போனது. உங்கள் அளவுக்கு பிரிட்ஜ் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சுக்குத் திருப்பி அனுப்பி, வேண்டிய நெட்வொர்க்கில் எடுத்துக்கொள்ளலாம். பரவலாக்கப்பட்ட தளங்கள் (வாலட்டை இணைத்துக் காயின் மாற்றும் தளங்கள்) எதிலாவது 'அப்ரூவ்', அதாவது உங்கள் டோக்கனை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டால், எவ்வளவு தொகைக்கு என்று பாருங்கள். பல தளங்கள் வரம்பே இல்லாத அனுமதியைக் கேட்கும். கொடுத்த அனுமதிகளை பிஎஸ்சிஸ்கேனிலேயே பார்த்து ரத்து செய்யலாம், அதற்கும் கொஞ்சம் பிஎன்பி வேண்டும்.

முகவரியைப் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து காப்பி செய்யாதீர்கள். நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியின் முதல் நாலு, கடைசி நாலு எழுத்துகள் ஒத்துப்போகும்படி ஒரு போலி முகவரியை உருவாக்கி, அதிலிருந்து பூஜ்யத் தொகை அனுப்பி, உங்கள் பட்டியலில் புகுந்து உட்கார்ந்துகொள்வார்கள். 2024 மே மாதம் இப்படி ஒருவர் 1155 டபிள்யூபிடிசியை (எதீரியத்தில் ஓடும் பிட்காயின் வடிவ டோக்கன்), அன்றைய மதிப்பில் சுமார் 6.8 கோடி டாலரை, போலி முகவரிக்கு அனுப்பிவிட்டார். பேரம் பேசி அதில் பெரும்பகுதி திரும்பி வந்தது, எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. நடு எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வரியைப் பற்றி ஒரே வார்த்தை. உங்கள் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து உங்கள் வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை அல்ல. ஆனால் வாலட்டில் ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்று வாங்கினால் அது கைமாற்றம்தான். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் அந்த லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. தேதி, தொகை, டிரான்ஸாக்‌ஷன் ஐடி மூன்றையும் ஒரு எக்செல் தாளில் எழுதி வாருங்கள்.

இன்று மாலை செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். புதிய வாலட்டை உருவாக்கி, சொற்களை எழுதி, அழித்து மீட்டுப் பாருங்கள். பிறகு கொஞ்சம் பிஎன்பியைப் பழைய முகவரிக்கு எடுங்கள். அங்கிருந்து 5 யுஎஸ்டிடி மட்டும் புதிய முகவரிக்கு அனுப்பி, பிஎஸ்சிஸ்கேனில் வந்து சேர்ந்ததைப் பாருங்கள். வந்ததும் மீதி யுஎஸ்டிடியை அனுப்புங்கள், கடைசியாக மிஞ்சிய பிஎன்பியையும். பழைய வாலட்டில் பிறகு ஏதாவது புதுப் பெயரில் டோக்கன் வந்து விழுந்தால் தொடாதீர்கள்.