கண்ணீர்ப்பாதை ஸ்கேன்: காசு கட்டுவதற்கு முன்னால்

கேள்வி: கண்ணீர்க்குழாய் அடைப்பைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று போனில் விளம்பரம் பார்த்து மூன்று பாட்டில் வாங்கினேன். பலனில்லையே? (பேட்டை)

பதில்: இருக்காது. பெரியவர்களுக்கு அடைத்த குழாயை எந்தச் சொட்டும் திறக்காது. ஒரு பாட்டில் ஏமாற்றிய பிறகும் இன்னும் இரண்டு வாங்கியிருக்கிறீர்கள், கண் மருத்துவரிடம் மட்டும் ஒரு தடவைகூடப் போகவில்லை.

கேள்வி: அம்மாவுக்கு ஒரு வருஷமாக வலது கண்ணில் நீர் வடிகிறது. ஊசி, குழாய் எதுவும் விடாமல் எம்.ஆர்.ஐ.யிலேயே பார்த்துவிடலாம் என்கிறார்கள். எடுக்கலாமா அண்ணாச்சி? (களக்காடு)

பதில்: பார்க்க முடியும் என்பது உண்மைதான். கண்ணில் சலைனோ நீர்த்த காடோலினியமோ (படத்தில் பளிச்சென்று தெரியும் மருந்து) சொட்டாக விட்டு, இமையோரத் துளையிலிருந்து கண்ணீர்ப்பை வழியாக அது மூக்குக்குள் இறங்குவதைப் படம் பிடிப்பார்கள், கதிர்வீச்சு கிடையாது. ஆனால் சிரிஞ்சிங் செய்தார்களா? அந்தத் துளையில் மழுங்கின ஊசியால் சலைன் விடுவார்கள். தொண்டையில் உப்புக் கரித்தால் பாதை திறந்திருக்கிறது, திரும்பி வழிந்தால் அடைப்பு. சில நிமிட வேலை. நான் இதைக் கேட்காமல் என் அம்மாவுக்கு நேரே ஸ்கேனுக்குப் பணம் கட்டினேன், அப்புறம் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவர் சிரிஞ்சிங் செய்தே அடைப்பைச் சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார், படத்தை உறையிலிருந்து எடுக்கவேயில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 'இந்தப் படத்தால் வைத்தியத்தில் என்ன மாறும்?' என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கண்ணீரில் ரத்தம், கண் மூலையில் கட்டி, முன்பு செய்த ஆபரேஷன் பலிக்காதது என்றால் ஸ்கேனுக்குக் காரணம் உண்டு, தயங்க வேண்டாம். பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடிபட்டு எலும்பு முறிந்திருந்தால் சி.டி.தான் நன்றாகக் காட்டும்.

கேள்வி: ஐந்து மாதக் குழந்தைக்குக் கண்ணில் நீர் வடிகிறது. ஸ்கேன்? (வள்ளியூர்)

பதில்: அதற்குள் வேண்டாம். மூக்கோரம் கண்ணீர்ப்பையை அழுத்தி நீவ மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஒரு வயதுக்குள் சரியாகிவிடும். அந்த இடம் சிவந்து வீங்கினால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஸ்கேன் எடுத்த இடத்தில் பில் தரவில்லை. கேட்டதற்கு விரட்டினார்கள். (அம்பாசமுத்திரம்)

பதில்: நோயாளியை விரட்டுவது எந்த ஊர் நியாயம்? நீங்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பணம் கட்டிப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. எழுத்தில் பில் கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார், இரண்டு வருஷத்துக்குள்.