மாக்ஸ் ரிக்டர் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

இசையமைப்பாளர் ரிக்டரின் ஆல்பங்களைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். சிலவற்றைப் பியானோவில் தட்டுத் தடுமாறி வாசித்தும் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் வந்த பதில்கள் இவை.

'அரைவல்' என்ற ஆங்கிலப் படத்தின் தொடக்கத்தில் மனதைப் பிசையும் வயலின் வருகிறதே, அது இவருடையதா? இசை என்று யோஹான் யோஹான்சன் பெயரைத்தானே போடுகிறார்கள்?

இரண்டும் சரி. படத்துக்கு இசையமைத்தவர் யோஹான்சன். ஆனால் தொடக்கத்திலும் முடிவிலும் வருவது ரிக்டரின் 'ஆன் த நேச்சர் ஆஃப் டேலைட்'. அது 2004இல் வந்த 'த புளூ நோட்புக்ஸ்' ஆல்பத்தில் உள்ளது. படம் வந்தது 2016இல். பாவம் யோஹான்சன்! எது யாருடைய இசை என்று பார்ப்பவர்களுக்குப் பிரித்துத் தெரியாது என்று ஆஸ்கர் குழு அவர் இசையைப் போட்டிக்கே எடுத்துக்கொள்ளவில்லை.

ரிக்டர் இசையை முறையாகப் படித்தவரா, கம்ப்யூட்டரில் கற்றுக்கொண்டவரா?

முறையாகவே படித்தார். 1966இல் ஜெர்மனியின் ஹாமலின் ஊரில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகம், லண்டன் ராயல் இசை அகாடமி, பிறகு இத்தாலியில் லூசியானோ பெரியோ என்ற இசையமைப்பாளரிடம் பாடம். பெரியோ சாதாரண ஆளில்லை. 1955இலேயே மிலான் வானொலியில் மின்னணு இசைக்கூடம் அமைத்த இருவரில் ஒருவர். அதனால் மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சிந்தசைசரை ரிக்டர் பின்னாளில் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவைத்தார் என்று நினைக்க வேண்டாம். சின்ன வயதிலேயே கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் மின்னணு இசைக் குழுவின் மேல் பைத்தியம் வேறு.

படிப்பு முடிந்ததும் ஆறு பியானோக்கள் கொண்ட 'பியானோ சர்க்கஸ்' குழுவை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிப் பத்து வருடம் வாசித்தார். சிறு துணுக்குகளை வைத்து எளிமையாக இசை கட்டும் ஸ்டீவ் ரைக், ஃபிலிப் கிளாஸ், ஆர்வோ பார்ட் ஆகியோரின் இசையெல்லாம் அங்கே விரலில் ஏறியவை. 1996இல் 'த ஃப்யூச்சர் சவுண்ட் ஆஃப் லண்டன்' என்ற மின்னணு இசைக் குழுவின் ஆல்பத்திலும் வேலை செய்தார்.

முதல் ஆல்பமே பெரிய வெற்றியா?

அட, இல்லை. 2002இல் பிபிசி ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு 'மெமரிஹவுஸ்' செய்தார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச காலத்தில் கடைகளிலும் கிடைக்காமல் போனது. அடுத்ததான 'த புளூ நோட்புக்ஸ்' ஆல்பத்தில் தந்தி வாத்தியக்காரர்கள் ஐந்தே பேர். மற்றபடி பியானோ, மின்னணு ஒலிகள், டைப்ரைட்டர் சத்தம், எழுத்தாளர் காஃப்காவின் குறிப்புகளை வாசிக்கும் நடிகை டில்டா ஸ்விண்டனின் குரல். ஈராக் போருக்கு எதிர்ப்பாக எழுதியது. பெரிய ஆர்கெஸ்ட்ரா சாதிக்காததை இந்தச் சின்னக் கூட்டம் சாதித்தது.

நான் வயலின் மாணவி. விவால்டியின் 'நான்கு பருவங்கள்' மேல் கைவைத்தாரே, அது நியாயமா அண்ணா?

எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. அந்தக் கால இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டி பருவத்துக்கு ஒன்றாக எழுதிய நான்கு வயலின் படைப்புகள்; விளம்பரத்திலும் தொலைபேசிக் காத்திருப்பிலும் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன இசை அது. 2012இல் ரிக்டர் மூலத்தில் முக்கால்வாசியைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதியை வைத்துப் புதிதாகக் கட்டினார். வசந்தத்தின் முதல் பகுதியைக் கேளுங்கள். எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தொடக்க மெட்டே கிடையாது. பறவைகள் கூவும் சிறு துணுக்குகளை மட்டும் எடுத்து, லூப் போலத் திரும்பத் திரும்ப ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார். வாசிப்பது வயலின்கள்தான், யோசித்த விதம் கம்ப்யூட்டருடையது. இந்த இடம்தான் எனக்கு ரிக்டர். அடியில் மூக் சிந்தசைசர் இருப்பது பலருக்குக் காதில் விழாது, ஆனால் அதை எடுத்துவிட்டால் தரை நழுவிவிடும்.

குளிர்காலத்தின் முதல் பகுதியை நீங்களே வாசித்துப் பாருங்கள். தாளம் ஏழு எண்ணிக்கையில் போகும். பழைய பழக்கத்தில் எட்டு எண்ணினால் கட்டாயம் வழுக்கும்! 2012 பதிவில் தனி வயலின் டேனியல் ஹோப். 2022இல் குடல்தந்தி (அந்தக் காலம்போல விலங்குக் குடலில் செய்த தந்தி) பூட்டிய வயலின்களோடு எலினா யூரியோஸ்டை வைத்து மறுபடி பதிவு செய்தார். எனக்கு முதல் பதிவுதான் பிடிக்கும்.

'ஸ்லீப்' எட்டரை மணி நேரமாமே, யார் முழுதாகக் கேட்பார்கள்?

கேட்கவே வேண்டாம், தூங்குங்கள். ஓர் இரவுத் தூக்கத்தின் அளவுக்கு எழுதியது. நரம்பியல் அறிஞர் டேவிட் ஈகிள்மனிடம் பேசிவிட்டுத்தான் எழுதினார். 2015இல் லண்டனில் நள்ளிரவு தொடங்கி விடியும்வரை வாசித்ததை பிபிசி ரேடியோ 3 நேரலையாக ஒலிபரப்பியது. கச்சேரிகளில் நாற்காலிக்குப் பதில் கட்டில்தான். குறட்டைக்கும் அனுமதி உண்டு! விழித்திருந்து கேட்க விரும்புபவர்களுக்கு ஒரு மணி நேர வடிவமும் இருக்கிறது.

நாலு கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) சுற்றிச் சுற்றி வாசிப்பது ஒரு பெரிய வேலையா?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவருடைய சில படப் பின்னணிகளைக் கேட்கும்போது, தன்னையே நகல் எடுக்கிறார் என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் 'டேலைட்'டில் கார்டுகள் மாறாமலிருப்பதை விட்டுவிட்டு, மேலே சேரும் வாத்தியக் குரல்களை மட்டும் பின்தொடருங்கள். அடியில் நகராத ஒன்று இருப்பதால்தான் மேல் வயலின் நுழையும்போது அப்படி வலிக்கிறது. 2020இல் வந்த 'வாய்சஸ்' ஆல்பத்தில் ஆர்கெஸ்ட்ராவையே கவிழ்த்துப் போட்டார்: 24 செல்லோ, 12 டபுள் பாஸ், வயலின் வெறும் 8. மனித உரிமைப் பிரகடனத்தை வாசிக்கும் குரல்களுக்கு அடியில் அந்தக் கனத்த ஒலி நகர்கிறது. அதுவும் எளிமையான கார்டுகள்தான்.

புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

'புளூ நோட்புக்ஸ்'. ஹெட்ஃபோனில், இரவில். பிடிக்காவிட்டால் விவால்டிக்குப் போங்கள். 'ஸ்லீப்' மட்டும் முதலில் வேண்டாம்.