ஓவியர் வீட்டில வாளும் கவசமும் ஏன்?

கேள்வி: போலந்து ஓவியர் யான் மட்டேய்கோ பழைய வாள், கவசம் எல்லாம் சேர்த்து வச்சிருந்தாராமே, என்னத்துக்கு? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: ஷோவுக்கு இல்லை. மனுசன் கீறினது முக்கால்வாசி சரித்திரப் படங்கள், ராசா என்ன உடுத்தார், வாள் எப்பிடி இருந்தது எண்டு தெரியாமல் எப்பிடிக் கீறுறது, அதால பழைய துணி, ஆயுதம், தளபாடம் எண்டு தேடித் தேடிச் சேர்த்தார். 1860லயே போலந்து ஆக்களின்ர பழைய உடுப்புகளைப் பற்றி ஒரு படத்தொகுப்பும் போட்டார். அந்த நேரம் போலந்து எண்டு உலக வரைபடத்தில ஒரு நாடே இல்லை பாருங்கோ, ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூண்டும் பங்குபோட்டு எடுத்திட்டுது, அவர் இருந்த கிராக்கோவ் நகரம் ஆஸ்திரியாவுக்குக் கீழ, அப்ப இந்தச் சாமான்களை வச்சுத்தான் இல்லாத நாட்டை கான்வஸில நிப்பாட்டினார். போலந்தும் லித்துவேனியாவும் சேர்ந்து ஜெர்மன் டியூட்டோனிக் வீரர்களைத் தோற்கடிச்ச 1410 யுத்தத்தை வச்சு 1878ல முடிச்ச 'குருன்வால்ட்' எண்ட படம் 4 மீட்டருக்கு மேல உயரம், கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், இப்ப வார்சோவில இருக்கு. ஆனா வேற வேற காலத்துச் சாமானை ஒரே படத்தில கலந்தும் விட்டிருக்கிறார், எனக்கு அது பெரிய குறையாப் படேல்ல. 1893ல செத்தாப் பிறகு கிராக்கோவில ஃபுளோரியன்ஸ்கா தெருவில இருந்த அவரின்ர வீட்டையே 1898ல மியூசியமாக்கினாங்கள், சேர்த்த சாமான்களை அங்க போய்ப் பாக்கலாம்.