ஏயுஜிக்கு ஆன்டிகோடான் யுஏசியா, சிஏயுவா?

ஏயுஜி என்ற கோடானுக்கு (எம்ஆர்என்ஏவின் மூன்றெழுத்துச் சொல்) ஆன்டிகோடான் (அதோடு ஜோடி சேரும் டிஆர்என்ஏவின் மூன்றெழுத்து) என்ன என்ற கேள்விக்கு யுஏசி என்று போட்டேன், விடைக்குறிப்பில் சிஏயு என்று இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். ரெண்டும் ஒன்றுதான், நீங்கள் போட்ட யுஏசி தப்பில்லை. எந்த முனையிலிருந்து படிக்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

எம்ஆர்என்ஏவும் (புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமப்பது) டிஆர்என்ஏவும் (அதற்கேற்ற அமினோ அமிலத்தைக் கொண்டுவருவது) எதிரெதிர்த் திசையில்தான் ஜோடி சேரும். இழையின் ரெண்டு முனைகளுக்கும் 5 பிரைம், 3 பிரைம் என்று பெயர். ஏயுஜியை 5 பிரைமிலிருந்து 3 பிரைமுக்கு எழுதி, அதற்கு நேர் கீழே ஜோடி எழுத்துகளைப் (ஏவுக்கு யு, ஜிக்கு சி) போட்டால் யுஏசி வரும், ஆனால் அது 3 பிரைமில் தொடங்குகிறது. திசை குறிக்காவிட்டால் 5 பிரைமிலிருந்து எழுதுவதுதான் வழக்கம், விடைக்குறிப்பில் சிஏயு வந்தது அதனால்தான். பரீட்சையில் ரெண்டு முனையிலும் 5, 3 போட்டுவிடுங்கள், வம்பே இல்லை.

அமினோ அமிலம் ஏன் டைரோசின் என்று வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். யுஏசியை அப்படியே, எந்தக் கோடானுக்கு எந்த அமினோ அமிலம் என்று காட்டும் அட்டவணையில் தேடியிருப்பீர்கள். அட்டவணை எம்ஆர்என்ஏ கோடானுக்கு மட்டும்தான். சிஏயுவைத் தேடியிருந்தாலும் ஹிஸ்டிடின் என்று தப்பாகத்தான் வந்திருக்கும். ஏயுஜியைத் தேடிப் பாருங்கள், மெத்தியோனின் வருகிறதா? சரி, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கவனம்: ஒரு கோடானுக்கு ஒரு டிஆர்என்ஏ என்று கணக்குப் போடாதீர்கள். கோடானின் மூன்றாவது எழுத்தில் ஜோடி கொஞ்சம் தளர்வாக இருக்கும், விஞ்ஞானி பிரான்சிஸ் கிரிக் 1966இல் சொன்ன வாபிள் (தள்ளாட்டம்) இதுதான். ஈஸ்ட்டின் அலனைன் டிஆர்என்ஏ ஒன்றில் ஆன்டிகோடானின் முதல் எழுத்து (5 பிரைம் பக்கம், கோடானின் மூன்றாவது எழுத்தோடு சேர்வது) இனோசின் என்ற மாறுபட்ட எழுத்து, அது ஒன்றே ஜிசியு, ஜிசிசி, ஜிசிஏ மூன்றையும் படித்துவிடும். அதனால் ஆன்டிகோடானை வைத்துக் கோடானைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்கச் சொன்னால் எப்போதும் ஒரே விடை வராது.