குளச்சலில் முதல் கேமிங் பிசி: எந்தப் பாகங்கள் வாங்கலாம்?

கடலோர வீட்டில் நீங்களே அசெம்பிள் செய்து 1080பி-யில் (ஃபுல் எச்டி) ஆட, ரைசன் 5 7600 பிராசஸர் (சிபியு), பி650 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு போதும். ரேம் 8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக் இரண்டு. போர்டில் நான்கு ரேம் ஸ்லாட் இருந்தால், சிபியுவிலிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டில் செருகுங்கள்.

பவர் சப்ளையில் மட்டும் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். கார்டு 115 வாட்தான் என்றாலும் 80 பிளஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) முத்திரையுள்ள 550 வாட் வேண்டும். ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப்போய் வரும்போது, மட்டமான சப்ளை எரிந்தால் போர்டையும் சேர்த்துக் கெடுக்கலாம். கரண்ட் போனால் பேட்டரியில் தாங்கும் யுபிஎஸ் 1000 விஏ (அதன் திறன் அளவு) எடுங்கள்; 600 விஏ பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். இடி இடித்தால் பிளக், லேன் (இன்டர்நெட்) கேபிள் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

உப்புக்காற்று படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், துரு பிடிக்கும்.

மானிட்டர் கேபிள் கார்டில்தான். 7600-க்குள்ளேயே சிறு கிராபிக்ஸ் இருப்பதால் போர்டில் செருகினாலும் படம் வரும், கேம்தான் தவழும்.