பதில்: கூரியர் ஏபிஐ எரர் குடுத்தும் கேட்ச்குள்ள போக மாட்டேங்குது
தம்பி, நானும் உங்க பக்கந்தான், தேவகோட்டை. அப்பாவோட ஆத்தங்குடி கல்லு பட்டறைக்கு சைட் போட்டு, டெலிவரி சார்ஜ் கேக்குற கூரியர் ஏபிஐ (அவங்க சர்வரோட பேசுற வழி) 422 (அனுப்புன டேட்டா சரியில்லங்கற எரர் கோடு) அனுப்பியும் கேட்ச்குள்ள (எரரப் புடிக்கிற கோடு பகுதி) போகாம ஸ்க்ரீன்ல 'அன்டிஃபைன்ட்'னு வருதுன்னு கேட்டிருந்தீங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல சர்வர்கிட்ட கேக்குற ஃபெட்ச் ஃபங்ஷன் அப்படித்தான் தம்பி, நெட் கட்டானாலோ கார்ஸ் (வேற சைட்டோட பதில ப்ரவுசர் தடுக்குற விதி) தடுத்தாலோதான் கேட்ச்சுக்குப் போகும், சர்வர் 404 சொன்னாலும் 500 சொன்னாலும் பதில்னு ஒன்னு வந்துருச்சுல்ல, அது கணக்குல வேலை முடிஞ்சுது. அதனால ரெஸ்பான்ஸ்.ஓகே பாத்து, ஃபால்ஸ்னா நீங்களே எரர த்ரோ பண்ணணும், அப்பதான் கேட்ச்சுக்குப் போகும்.

அதுக்கு முன்னாடி பாடிய (பதிலுக்குள்ள இருக்குற செய்தி) படிச்சு லாக் பண்ணிருங்க, இதத்தான் நெறைய பேரு விட்டுடுறாங்க, எந்த ஃபீல்டு தப்புன்னு பெரும்பாலும் அதுலதான் எழுதியிருக்கும். மொதல்ல டெக்ஸ்ட்டா எடுத்துட்டு அப்புறம் ஜேசனா பார்ஸ் பண்ணுங்க, 502 (நடுவுல இருக்குற சர்வர் எரர்) மாதிரி வந்தா பல நேரம் ஹெச்டிஎம்எல் பக்கம்தான் வந்து நிக்கும்.

422க்கு ரீட்ரை போடாதீங்க, அதே டேட்டாவுக்கு அதே பதில்தான். காரைக்குடி பின்கோடு 630001ஐ நம்பரா அனுப்புறீங்களா, மேற்கோள் குறி போட்டு ஸ்ட்ரிங்கா அனுப்பிப் பாருங்க, எனக்கு இதே எடத்துல ரெண்டு நாள் போச்சு. 429 (ரொம்ப அடிக்கடி கேட்டா வர்றது), 503 (சர்வர் இப்போதைக்கு முடியலன்னா வர்றது) இதுக்கெல்லாம் ரீட்ரை பண்ணலாம், ரீட்ரை-ஆஃப்டர் ஹெட்டர் இருந்தா அது சொல்ற நேரம் பொறுத்து.

பாடில என்ன வருதுன்னு இங்க போடுங்க, ஏபிஐ கீய மட்டும் மறைச்சுட்டு.